பெட்டி வரையப் பழகுவது எப்படி: மறைபுள்ளியிலிருந்து மறைந்திருக்கும் மூலை வரை

பெட்டி வரைவதில் என்ன கஷ்டம், ஒரு சதுரம் போட்டு, சற்றுத் தள்ளி இன்னொரு சதுரம் போட்டு, மூலைகளை இணைத்தால் முடிந்தது என்றுதான் நானும் நெடுநாள் இருந்தேன். அந்த வித்தையில் வருவது ஒரே ஒரு பெட்டி. அதையே கொஞ்சம் திருப்பி வரை, கீழேயிருந்து பார்ப்பதுபோல் வரை, அதன்மேல் இன்னொன்றை அடுக்கு என்று யாராவது கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். நாற்காலி, கார், கட்டடம், மனித உடம்பு என்று எதை வரையப் போனாலும் முதலில் அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அதன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியைத் திருப்பத் தெரிந்தால் பெட்டிக்குள் இருப்பதையும் திருப்பலாம்.

பெட்டிக்கு 12 விளிம்புகள். அவற்றைப் பன்னிரண்டு தனிக் கோடுகளாக நினைத்து வரைந்தால் பன்னிரண்டும் பன்னிரண்டு பக்கம் போகும். நான்கு நான்காக மூன்று கூட்டம் என்று நினைத்து வரைந்தால் பெட்டி நிற்கும். கீழே வரும் எல்லாப் பயிற்சிகளும் இந்த ஒன்றைக் கைக்குப் புரியவைக்கத்தான். மண்டைக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், கைக்குப் புரிய சில வாரங்கள் ஆகும், அது எல்லோருக்கும் அப்படித்தான்.

வரைவதற்கு முன் இரண்டு போட்டோ

ஒரு ஷூ பெட்டியை மேஜைமேல் வையுங்கள், ஒரு மூலை உங்களைப் பார்த்து இருக்கட்டும். போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, மேலே சற்று உயரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு பத்தடி பின்னால் போய், ஜூம் செய்து, பெட்டி ஏறக்குறைய அதே அளவில் தெரியும்படி இன்னொரு படம். இப்போது இரண்டு படங்களிலும் விளிம்புகளின் மேலேயே கோடு போட்டு நீட்டிப் பாருங்கள். போனிலேயே படத்தின்மேல் கிறுக்கும் வசதி இருக்கும்.

கிட்டே நின்று எடுத்த படத்தில் கோடுகள் வேகமாக ஒன்றையொன்று நெருங்கும். தூரத்திலிருந்து எடுத்ததில் கிட்டத்தட்ட இணையாகவே போகும். பெட்டி அதேதான், மாறியது தூரம் மட்டும். நிஜத்தில் ஒரே திசையில் போகிற விளிம்புகள் நம்மைவிட்டு விலக விலக நெருங்கி, நீட்டினால் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளிதான் மறைபுள்ளி. ஒவ்வொரு திசைக்கும் ஒரு மறைபுள்ளி, பெட்டிக்கு மூன்று திசை, ஆகவே மூன்று கூட்டம்.

இந்த இரண்டு படங்களையும் அழிக்காதீர்கள். கோடுகள் எவ்வளவு வேகமாக நெருங்க வேண்டும் என்ற சந்தேகம் பின்னால் பலமுறை வரும். பெட்டி சிறியதாகவோ தூரத்திலோ இருந்தால் மெதுவாக நெருங்கும், பெரியதாகவோ மூக்குக்கு நேரே இருந்தாலோ வேகமாக நெருங்கும் என்பதற்கு இவைதான் சாட்சி. ஒரே பக்கத்தில் ஒரு பெட்டியை வேகமாகவும் பக்கத்துப் பெட்டியை மெதுவாகவும் நெருங்கவிட்டால், ஒன்று தீப்பெட்டி அளவிலும் மற்றது கட்டடம் அளவிலும் தெரியும்.

பொருட்கள்

ஏ4 தாள், பால்பாயின்ட் பேனாவோ ஃபைன்லைனரோ (மெல்லிய முனை மைப்பேனா) ஒன்று, வேறு நிறத்தில் இன்னொரு பேனா, நீளமான ஸ்கேல். அவ்வளவுதான். பென்சில் வேண்டாம் என்று நான் சொல்வது பிடிவாதத்தால் இல்லை. கையில் ரப்பர் இருந்தால் கோடு போடுவதற்கு முன் யோசிக்க மாட்டோம், போட்டபின் அழிப்போம். இந்தப் பயிற்சிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான பழக்கம்.

ஒரு கோடு, ஒரே இழுப்பு

கோடே நேராக வரவில்லை என்றால், பெட்டி கோணலாக வந்ததற்குக் காரணம் கையா கணிப்பா என்று தெரியாது. அதனால் முதல் இரண்டு மூன்று நாள் வெறும் கோடு. இரண்டு புள்ளிகள் வையுங்கள். பேனா தாளைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாலைந்து முறை காற்றிலேயே ஓட்டுங்கள். கை அந்த வழிக்குப் பழகியதும் தாளில் இறக்கி ஒரே இழுப்பில் இழுங்கள். நீளக் கோட்டுக்கு மணிக்கட்டை ஆட்டினால் கோடு வில்லாக வளையும், ஏனென்றால் மணிக்கட்டு ஒரு கீல் மாதிரி சுற்றுகிறது. தோளிலிருந்து கையை ஓட்டினால் வளைவு குறையும். தாளைத் தாராளமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கை சுலபமாக ஓடுகிற திசை ஒன்று இருக்கும், எந்தக் கோட்டையும் தாளைத் திருப்பி அந்தத் திசைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கோடு புள்ளியைத் தாண்டிப் போனால் பரவாயில்லை. தப்பாகப் போனால் அதன்மேலேயே இன்னொரு கோடு போடாதீர்கள். தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டு, அது சரி என்பதுபோல் பெட்டியை முடியுங்கள். ஒரு விளிம்புக்கு மூன்று கோடு இருந்தால் அடுத்த விளிம்பை எதை வைத்துக் கணிப்பது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

ஸ்கேலோடு, இரண்டு மறைபுள்ளிப் பெட்டி

இதை வெறுங்கையால் ஆரம்பிக்காதீர்கள். தாளைப் படுக்கைவாட்டில் வைத்து மேஜையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். நடுவில் குறுக்காக ஒரு கோடு. இது கண்மட்டக் கோடு, அதாவது பார்ப்பவரின் கண் இருக்கும் உயரம். அதன் நடுவே ஒரு புள்ளி. அங்கிருந்து இடப்பக்கம் 30 சென்டிமீட்டர், வலப்பக்கம் 30 சென்டிமீட்டர் அளந்து குறியுங்கள். ஏ4 தாளின் அகலம் 29.7 சென்டிமீட்டர்தான் என்பதால் இரண்டு குறிகளும் தாளுக்கு வெளியே, மேஜைமேல் ஒட்டிய டேப்பில் விழும். விழட்டும். அப்படித்தான் விழ வேண்டும், ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். ஸ்கேல் எட்டவில்லை என்றால் குறியில் ஒரு நூலின் முனையை ஒட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துத் திசை பார்த்துக்கொள்ளலாம்.

கண்மட்டத்துக்குக் கீழே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் விளிம்பு அது. இந்த வகைப் பெட்டியில் செங்குத்து விளிம்புகள் மட்டும் நெருங்காமல் இணையாகவே நிற்கும், அதனால்தான் மறைபுள்ளி இரண்டு. அதன் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் இரண்டு மறைபுள்ளிகளுக்கும் மெல்லிய கோடுகள், மொத்தம் நான்கு. பெட்டி இடப்பக்கம் எங்கே முடிய வேண்டும், வலப்பக்கம் எங்கே முடிய வேண்டும் என்று முடிவுசெய்து அங்கே இரண்டு செங்குத்துக் கோடுகள். இப்போது இடச் செங்குத்தின் இரண்டு முனைகளிலிருந்து வல மறைபுள்ளிக்கு, வலச் செங்குத்தின் முனைகளிலிருந்து இட மறைபுள்ளிக்கு. இவை மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் வெட்டிக்கொள்ளும். அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளையும் இணைத்தால் பின்னால் மறைந்திருக்கும் செங்குத்து விளிம்பு கிடைத்துவிடும். அது நேர் செங்குத்தாக வந்தால் எல்லாம் சரி. சாய்ந்தால் எங்கோ ஸ்கேல் நழுவியிருக்கிறது.

கண்மட்டத்துக்குக் கீழே மூன்று, மேலே மூன்று, குறுக்கே வெட்டுகிற மாதிரி மூன்று என்று ஒன்பது பெட்டிகள் போடுங்கள். கீழே இருப்பவற்றின் மேல்முகம் தெரியும், மேலே இருப்பவற்றின் அடிமுகம் தெரியும், குறுக்கே இருப்பவற்றில் இரண்டும் தெரியாது. படித்தால் சாதாரணமாக இருக்கும், ஒன்பதையும் போட்டு முடிக்கும்போது தாளுக்குள் ஒரு இடம் திறந்த மாதிரி இருக்கும்.

அந்த 30 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது

புதிதாக வரைபவர்கள் மறைபுள்ளிகளைத் தாளுக்குள்ளேயே இரண்டு ஓரத்தில் வைப்பார்கள். நானும் வைத்தேன். பெட்டிகள் கூர்மையாக, முன்மூலை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தன, எனக்கு வரையத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தப்பு கையில் இல்லை, கணக்கில் இருந்தது.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் தான் வரைந்த கட்டடப் படத்தைக் காட்ட ஒரு தந்திரம் செய்தார். படம் வரைந்த பலகையில் ஒரு துளை போட்டு, பார்ப்பவரைப் பலகையின் பின்பக்கமிருந்து அந்தத் துளை வழியாகப் பார்க்கச் சொன்னார். எதிரே பிடித்த கண்ணாடியில் படம் தெரியும், கண்ணாடியை விலக்கினால் நிஜக் கட்டடம் தெரியும். துளை எதற்கு? கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துவதற்கு. பெர்ஸ்பெக்டிவ் படம், அதாவது இப்படி மறைபுள்ளி வைத்து வரைந்த படம், கறாராகச் சரியாக இருப்பது ஒரே ஓர் இடத்திலிருந்து பார்க்கும்போதுதான்.

அந்த இடத்துக்கும் தாளுக்கும் உள்ள தூரம்தான் நமது 30 சென்டிமீட்டர். கண் அங்கே இருப்பதாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து இட மறைபுள்ளிக்கும் வல மறைபுள்ளிக்கும் இரண்டு குச்சிகள் நீட்டினால், அவை பெட்டியின் இரண்டு பக்கங்களுக்கும் இணையாக இருக்கும். பெட்டியின் மூலை செங்கோணம், ஆகவே குச்சிகளுக்கு நடுவிலும் 90 பாகை. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம் இங்கே வந்து நிற்கிறது. நடுப்புள்ளியிலிருந்து இட மறைபுள்ளியின் தூரத்தையும் வல மறைபுள்ளியின் தூரத்தையும் பெருக்கினால், கண்ணின் தூரத்தை அதனாலேயே பெருக்கிய விடை வர வேண்டும். 30 முறை 30, அதாவது 900.

இதனால் என்ன லாபம் என்றால், பெட்டியைத் திருப்பும் வழி கையில் கிடைத்துவிடுகிறது. இடம் 30, வலம் 30 என்றால் பெட்டி சரிபாதியாகத் திரும்பியிருக்கிறது. இடம் 20 என்றால் வலம் 45. இடம் 15 என்றால் வலம் 60. இடம் 10 என்றால் வலம் 90, தாளைவிட்டு எங்கேயோ போய்விடும். ஒரு மறைபுள்ளி அருகில் வந்தால் மற்றது ஓடிப்போகும். மறைபுள்ளி தூரத்தில் இருக்கும் பக்கம் அகலமாகத் தெரியும், அதன் கோடுகள் சோம்பலாக நெருங்கும். மறைபுள்ளி கிட்டே இருக்கும் பக்கம் சுருங்கித் தெரியும், கோடுகள் வேகமாக நெருங்கும். வெறுங்கையால் வரையும்போது இந்த எண்களை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, ஆனால் சுருங்கிய பக்கம் வேகம், அகலமான பக்கம் சோம்பல் என்ற இந்த ஒன்றை மறந்தால் பெட்டி கோணலாகும்.

இன்னொன்று. நடுவிலிருந்து ஏறக்குறைய 30 பாகைக்குள், அதாவது எல்லாமாக 60 பாகைக் கூம்புக்குள் இருக்கும் பெட்டிகள்தான் இயல்பாகத் தெரியும், அதற்கு வெளியே போனால் இழுபட்டுத் தெரியும். கண் 30 சென்டிமீட்டரில் இருந்தால் அந்த வட்டத்தின் ஆரம் சுமார் 17 சென்டிமீட்டர், ஏ4 தாள் மூலைகள் தவிர உள்ளே அடங்கிவிடும். மறைபுள்ளிகளைத் தாளின் ஓரத்திலேயே, 15க்கு 15 என்று வைத்தால் ஆரம் 9 சென்டிமீட்டர்கூட வராது. என் கத்திமூலைப் பெட்டிகளின் கதை இதுதான்.

வெறுங்கையால், மூன்று கூட்டம்

இப்போது ஸ்கேலைத் தள்ளி வைக்கலாம். கண்மட்டக் கோடும் வேண்டாம். காற்றில் மிதக்கும் பெட்டி ஒன்றை எந்தக் கோணத்திலும் வரையப் போகிறோம், இங்கே செங்குத்து விளிம்புகளும் சாய்ந்து ஒரு மறைபுள்ளிக்குப் போகும்.

முதலில் ஒரு கவட்டைக் குச்சி மாதிரி மூன்று கோடுகள். அவை சேரும் இடம் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் மூலை, கிளைகள் மூன்றும் உங்களைவிட்டு விலகிப் போகின்றன. செங்கோணப் பெட்டி வேண்டுமென்றால், கிளைகளுக்கு இடையே உள்ள மூன்று கோணங்களும் 90 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாய்ந்து நசுங்கிய பெட்டியாகத்தான் தெரியும், அதற்குமேல் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் காப்பாற்ற முடியாது. மூன்றும் 120 என்று சமமாகப் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் 50 பெட்டி வரைந்தாலும் ஒரே பெட்டியை 50 தடவை வரைந்த கணக்குதான்.

பிறகு ஒவ்வொரு கிளையின் முனையிலிருந்தும் இரண்டிரண்டு கோடுகள், ஆக ஆறு. இவைதான் பெட்டியின் வெளிவடிவம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிளையோடு சேர்ந்து ஓட வேண்டிய கோடு. இணையாக இல்லாமல், ஒரு மயிரிழை உள்பக்கம் சாய்ந்து. கோட்டைப் போடுவதற்கு முன் முனையில் புள்ளி மட்டும் வைத்துப் பாருங்கள். புள்ளியை நகர்த்துவது சுலபம். புள்ளி வைக்கும்போது கடைசியாகப் போட்ட கோட்டைப் பார்க்காமல், அந்தக் கூட்டத்தின் கிளையைப் பாருங்கள், அது எங்கே போய் முடியும் என்று தாளைத் தாண்டிக் கற்பனை செய்யுங்கள். இந்தப் பயிற்சியில் உண்மையான வேலை இந்த மூன்று விநாடிதான்.

கடைசியாக மறைந்திருக்கும் மூன்று கோடுகள். வெளிவடிவத்துக்கு ஆறு மூலைகள், அவற்றில் மூன்றில் கிளைகள் வந்து முட்டுகின்றன. மற்ற மூன்று மூலைகளிலிருந்து உள்ளே வருபவைதான் மறைந்த விளிம்புகள், மூன்றும் ஒரே புள்ளியில், பின்மூலையில் சந்திக்க வேண்டும்.

சந்திக்காது. முதல் 50 பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் மூன்று கோடுகளும் ஒரு சின்ன முக்கோணத்தை விட்டுவிட்டுப் போகும். மனம் தளர வேண்டாம், பின்மூலையில் தனியாகத் தப்பு எதுவும் நடக்கவில்லை. முன்னால் ஒன்பது கோடுகளில் செய்த சின்னச் சின்னத் தவறுகள் எல்லாம் ஓடிவந்து கூடும் இடம் அது. மூன்றையும் கட்டாயப்படுத்தி ஒரே புள்ளியில் முடித்து மறைக்காதீர்கள், தப்பின் அளவு அந்த முக்கோணத்தில்தான் தெரியும்.

சோதனை இல்லாத பெட்டி கணக்கில் சேராது

பெட்டிகளை வரைந்து முடித்ததும் வேறு நிறப் பேனாவை எடுங்கள், ஸ்கேலும் வரட்டும். ஒரு கூட்டத்தின் நான்கு கோடுகளையும் உங்களைவிட்டு விலகும் திசையில், அதாவது கவட்டையின் கிளை போகும் பக்கமாக நீட்டுங்கள். பிறகு அடுத்த கூட்டம், அதன்பின் மூன்றாவது. சிலர் எதிர்ப்பக்கம் நீட்டிவிட்டு ஏன் சேரவில்லை என்று குழம்புவார்கள்.

நான்கும் ஏறக்குறைய ஒரே இடத்தை நோக்கிப் போனால் போதும். போகாதபோது எப்படிப் போகவில்லை என்று பாருங்கள். இரண்டிரண்டாகச் சேருகிறதென்றால், பக்கத்துக் கோட்டை மட்டும் பார்த்து வரைந்திருக்கிறீர்கள், கூட்டம் முழுவதையும் பார்க்கவில்லை. மூன்று சேர்ந்து ஒன்று மட்டும் தறிகெட்டுப் போனால் அது பெரும்பாலும் மறைந்த கோடு. ஒரு கூட்டத்தில் வெளிவடிவக் கோடுகள் இரண்டும் ஓரத்தில் இருக்கும். கவட்டைக் கிளையும் மறைந்த கோடும் அவற்றுக்கு நடுவில் அடங்கும். ஆகவே நடு இரண்டின் சாய்வு ஓர இரண்டின் சாய்வுகளுக்கு இடைப்பட்டுத்தான் இருக்க முடியும். இது தெரிந்த பிறகு எனக்கு மறைந்த கோட்டில் தப்பு பாதியாகக் குறைந்தது.

மோசமான தப்பு, கோடுகள் விலகும் திசையில் விரிவது. பெட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரியதாகிவிடும். எதிர்ப்பக்கங்கள் சம அளவு என்று மூளைக்குத் தெரியும், கண்ணில் படும் சுருக்கத்தை நம்பாமல் தெரிந்ததை வரைய முயன்று, அதிலும் கொஞ்சம் கூடிவிடுகிறது. மருந்து எளிது: சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கவிடுங்கள். அதிகமாக நெருங்கிய பெட்டி பெரிய பெட்டியாகத் தெரியும், விரிந்த பெட்டி பெட்டியாகவே தெரியாது.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அன்றைய தப்பை ஒரு வரியில் எழுதுங்கள், அடுத்த நாள் ஆரம்பிக்கும் முன் அதைப் படியுங்கள். நாளுக்கு 5 பெட்டிகள் போதும், சோதனையோடு சேர்த்து 20 நிமிடம் ஆகும், 50 நாளில் 250 பெட்டிகள். ஒரே நாளில் 40 போட்டு ஒரு வாரம் கை வலியோடு திரிவதில் பயனில்லை. சோதிக்காமல் 40 போடுவது அதைவிட மோசம், தப்பான கையைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறீர்கள்.

இது கனசதுரமா, வெறும் பெட்டியா

பெட்டி நன்றாக வர ஆரம்பித்தபின் அடுத்த தலைவலி, எல்லாப் பக்கமும் சமமான கனசதுரம் வேண்டும் என்றால் ஆழத்தை எங்கே நிறுத்துவது? வட்டத்தை உதவிக்குக் கூப்பிடுங்கள். ஒரு முகத்துக்குள், நான்கு பக்கங்களையும் தொடும்படி ஒரு நீள்வட்டம் போடுங்கள். அந்த முகம் உண்மையிலேயே சதுரமாக இருந்தால் நீள்வட்டத்தின் குற்றச்சு, அதாவது குறுகலான பக்கத்து அச்சு, அந்த முகத்துக்குச் செங்குத்தாகப் போகிற விளிம்புகளின் திசையிலேயே ஏறத்தாழ இருக்கும். மேல்முகத்து நீள்வட்டத்தின் குற்றச்சு செங்குத்து விளிம்புகளோடு போக வேண்டும். விலகிப்போனால் முகம் நீளமாகிவிட்டது, எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து ஆழத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

பாதியாக வெட்ட மூலைவிட்டங்கள் இரண்டும் போடுங்கள், அவை வெட்டும் இடம்தான் அந்த முகத்தின் நிஜமான நடு. ஸ்கேலால் அளந்து நடுவைக் குறித்தால் தப்பாகும், ஏனென்றால் அருகிலுள்ள பாதி பெரியதாகவும் தூரத்துப் பாதி சிறியதாகவும்தான் தெரிய வேண்டும். அதே பெட்டியைப் பின்னால் இன்னொரு முறை வைக்க வேண்டுமானால், முன்விளிம்பின் மேல்முனையிலிருந்து பின்விளிம்பின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். அது நீட்டிய அடிவிளிம்பை வெட்டும் இடத்தில் அடுத்த பெட்டி முடிகிறது. வரிசையாகத் தூண்களோ படிகளோ வரையும்போது இந்த ஒரே தந்திரம் மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

இது எல்லாம் ஓரளவு வந்ததும் முதல் நாள் தாளை எடுங்கள். அதிலிருந்து மிகக் கோணலான பெட்டியின் கவட்டையை மட்டும் புதுத் தாளில் அப்படியே பிரதியெடுத்து, மீதி ஒன்பது கோடுகளையும் இப்போதைய கையால் போடுங்கள். கவட்டையிலேயே ஒரு கோணம் 90க்குக் கீழே இருந்தது என்று அப்போது தெரியவந்தால், அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.